நூற்பாலையில் வயர்லெஸ் சென்சார்: வாங்குவதற்கு முன்னும் பொருத்திய பின்னும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர், திண்டுக்கல், ராஜபாளையம் வட்டாரத்து நூற்பாலைகளுக்குப் பராமரிப்பு வேலையாகப் போய்வருகையில், மெஷின்களைக் கண்காணிக்கும் வயர்லெஸ் சென்சார்களைப் பற்றி ஒரே சந்தேகங்களைப் பலரிடமும் கேட்டிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டுவிட்டு, நான் சொல்லிவந்த பதில்களை ஒழுங்குபடுத்தி இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் நூற்பாலையைச் சேர்ந்தவை என்றாலும், பவுண்டரியோ பம்ப் தொழிற்சாலையோ நடத்துபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

வயர்லெஸ் சென்சார் என்கிறீர்களே, அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது?

அதிர்வையும் வெப்பத்தையும் அளக்கும் ஒரு சில்லு, அந்த அளவைக் கணக்கிடும் ஒரு சிறிய செயலி (ப்ராசஸர்), ரேடியோ, பேட்டரி ஆகிய நான்கும் இருக்கின்றன. பெட்டி பெரும்பாலான நேரம் உறங்கிக்கொண்டிருக்கும். குறித்த நேரத்தில் விழித்து, சில வினாடிகள் அளந்து, முடிவைக் கேட்வேக்கு அனுப்பிவிட்டு மறுபடி உறங்கும். கேட்வே அந்தத் தகவலை உங்கள் கணினிக்கோ இணையத்தில் உள்ள சர்வருக்கோ கொண்டுசேர்க்கும். இந்த உறக்கமும் விழிப்பும்தான் பேட்டரி, அலாரம், விலை ஆகிய மூன்றையும் தீர்மானிக்கின்றன என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஃபிட்டர் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தே பேரிங் போய்விட்டது என்று சொல்லிவிடுவார். எங்களுக்கு இது எதற்கு?

அவரை விட்டுவிடாதீர்கள். அவர் காது எட்டும் இடங்களில் சென்சார் அவருக்கு அதிகமாக ஒன்றும் சொல்லிக்கொடுத்துவிடாது. எட்டாத இடங்களும் எட்டாத நேரங்களும்தான் சிக்கல். ஷெட்டின் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டின் சப்ளை ஃபேன் ஓடும்போது அந்த அறைக்குள் யாரும் போவதில்லை, போகவும் கூடாது. ஃபேனை நிறுத்திவிட்டு உள்ளே போனால் கேட்பதற்குச் சத்தமும் இல்லை. தவிர, அனுபவமுள்ள ஃபிட்டர் பகல் ஷிப்ட்டில் இருப்பார், பேரிங்கோ எந்த ஷிப்ட்டில் வேண்டுமானாலும் போகும். அவர் ஓய்வு பெற்றால் அந்தக் காதும் அவரோடு போய்விடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

முதலில் எந்த மெஷினில் போட வேண்டும்? ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் போட்டுவிடலாமா?

நூலை முறுக்கிச் சுற்றும் ஒரு ரிங் ஃபிரேமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிண்டில்கள் (சுழலும் தண்டுகள்) இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பேட்டரி சென்சார் ஒட்டுவது நடக்கிற காரியம் இல்லை. இழை அறுந்த ஸ்பிண்டிலைக் காட்டும் அமைப்புகள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவை டிராவலர் (நூலோடு சேர்ந்து வளையத்தில் ஓடும் சிறு கொக்கி) சுற்றுவதைக் கவனிப்பவை, மெஷினோடு சேர்த்தே பொருத்தப்படுபவை. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தேர்வுக்கு நான் இரண்டு கேள்விகளைத்தான் கேட்பேன். இந்த மெஷின் நின்றால் கூட எத்தனை மெஷின்கள் நிற்கும்? ஓடும்போது இதன் அருகே போய்ப் பார்க்க முடியுமா? ஒரு ரிங் ஃபிரேம் நின்றால் அதன் உற்பத்தி மட்டும் போகும். கம்ப்ரஸர் நின்றால் நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோ கோனர் வரிசை முழுவதும் நிற்கும். ஹியூமிடிஃபிகேஷன் ஃபேன் நின்றால் ஈரப்பதம் இறங்கி, ஷெட் முழுவதும் இழை அறுப்பு கூடும். கழிவுப் பஞ்சை உறிஞ்சும் ஃபேன் நின்றால் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமும் கார்டிங்கும் அதன் பின்னால் நிற்கும். ஆகவே கம்ப்ரஸர், ஹியூமிடிஃபிகேஷன் ஃபேன்களும் பம்புகளும், கழிவு உறிஞ்சும் ஃபேன்கள், அதன் பிறகு ரிங் ஃபிரேம் பிரதான மோட்டார்கள் என்ற வரிசையில் போங்கள். முதல் தவணையாகப் பதினைந்து, இருபது புள்ளிகள் (சென்சார் வைக்கும் இடங்கள்) போதும்.

விற்பவர் ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு இருநூறு புள்ளிகளுக்குக் கோட்டேஷன் கொடுப்பார். அந்தத் தாளை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, கடந்த மூன்று ஆண்டுகளின் பிரேக்டவுன் பதிவேட்டைப் புரட்டுங்கள். உங்களுக்கான பட்டியல் அதில் இருக்கிறது.

வெப்பநிலை சென்சார் மலிவாகக் கிடைக்கிறதே, அது மட்டும் போதாதா?

பேரிங்கைப் பொறுத்தவரை வெப்பம் தாமதமாக வரும் செய்தி. குண்டுகள் உருளும் ஓடுதளத்தில் சிறு செதில் பெயர்ந்தால் அதிர்வில் வாரங்களுக்கு முன்பே தடயம் தெரியும். வெளிக்கூடு கை வைக்க முடியாமல் சுடும்போது பெரும்பாலும் மணிக்கணக்கே மிஞ்சியிருக்கும். உதிரி பேரிங் வாங்கி, ஆள் ஏற்பாடு செய்து, ஞாயிற்றுக்கிழமை நிறுத்தத்தில் மாற்றுவதற்கு வாரங்கள் வேண்டும்.

எல்லா இடத்திலும் அதிர்வுதான் உயர்ந்தது என்று எண்ணிவிடவும் வேண்டாம். மின் பேனலின் பஸ்பார் (மின்சாரம் கடத்தும் உலோகப் பட்டை) இணைப்பு தளர்ந்தால் அங்கே அதிர்வு எதையும் காட்டாது, வெப்பம்தான் காட்டும். ஃபில்டர் அடைத்துக்கொண்டதையும் பெல்ட் அறுந்ததையும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் முதலில் சொல்லும். கேபிளைச் சுற்றிக் கவ்வும் மின்னோட்ட சென்சார்களில் சில, அந்தக் கேபிளின் காந்தப்புலத்திலிருந்தே தமக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கின்றன. பேட்டரி மாற்றும் தொல்லை அவற்றுக்கு இல்லை.

எத்தனை மி.மீ./வினாடி வந்தால் மெஷினை நிறுத்த வேண்டும்? ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

ஒரே எண் கிடையாது, தொடக்கப்புள்ளி உண்டு. ஐஎஸ்ஓ 10816-3 என்ற தரநிலை, 2022 முதல் அதன் இடத்தில் வந்த ஐஎஸ்ஓ 20816-3, இரண்டும் அதிர்வை அதன் வேகத்தை (மி.மீ./வினாடி) வைத்து நான்கு மண்டலங்களாகப் பிரிக்கின்றன. 15 முதல் 300 கிலோவாட் வரையிலான மெஷின் உறுதியான அடித்தளத்தில் நின்றால் 1.4 வரை புதிய மெஷினின் நிலை, 2.8 வரை நீண்ட காலம் ஓட்டலாம், 4.5 வரை சிறிது காலம்தான் ஓட்டலாம், அதற்கு மேல் சேதம். நெகிழும் தாங்கியில் நின்றால் அதே எல்லைகள் 2.3, 4.5, 7.1 ஆகின்றன. ஃபேன்களுக்கென்றே ஐஎஸ்ஓ 14694 என்ற தனித் தரநிலையும் உண்டு.

இந்த எண்களை அப்படியே அலாரமாக வைத்துவிடாதீர்கள். இரண்டு ஆண்டுகளாக 3.2 காட்டிக்கொண்டே ஒழுங்காக ஓடும் ஃபேனைப் பற்றிக் கவலை வேண்டாம், 0.9 காட்டிக்கொண்டிருந்தது மூன்று வாரத்தில் 2.1 ஆனால் அதைத்தான் திறந்து பார்க்க வேண்டும். முதல் நான்கைந்து வாரங்கள் ஒவ்வொரு மெஷினின் இயல்பான அளவையும் பதிவு செய்து, அதற்கு மேல் எச்சரிக்கை வரம்பு வைத்து, தரநிலையின் எண்ணை இறுதி வரம்பாக வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

ஒரு கோட்டேஷனில் 1 கிலோஹெர்ட்ஸ், இன்னொன்றில் 10 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறார்கள். விலை இரண்டு மடங்கு. அப்படி என்ன வித்தியாசம்?

அந்த எண், சென்சார் அளக்கக்கூடிய மிக உயர்ந்த அதிர்வெண். சமநிலைக் கோளாறு, அலைன்மென்ட் பிசகு, அடித்தளத் தளர்வு ஆகியவை மெஷினின் சுழற்சி வேகத்தை ஒட்டியே வெளிப்படும். 1,440 சுற்று வேகத்தில் ஓடும் மோட்டாருக்கு அது வினாடிக்கு 24 சுற்று, அதாவது 24 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளைப் பார்க்க 1 கிலோஹெர்ட்ஸ் சென்சார் தாராளமாகப் போதும். பேரிங் வேறு கதை. சிறிய மோட்டார்களில் சாதாரணமாகக் காணப்படும் 6205 பேரிங்கில் 9 குண்டுகள் இருந்தால், வெளிவளையத்தில் உள்ள குழியை அவை ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.58 முறை தட்டும். 24 ஹெர்ட்ஸில் அது 86 ஹெர்ட்ஸ். எண் சிறியதாக இருக்கிறதே, 1 கிலோஹெர்ட்ஸ் சென்சாருக்கு அகப்படாதா என்று கேட்பீர்கள். பழுது முற்றிய பிறகு அகப்படும். தொடக்கத்தில் அந்தத் தட்டல் மிக மெல்லியது. மணியைத் தட்டினால் மணி தன் சொந்தச் சுருதியில் ஒலிப்பதைப் போல, ஒவ்வொரு தட்டலும் பேரிங் கூட்டைப் பல கிலோஹெர்ட்ஸில் ஒலிக்க வைக்கிறது. அந்த உயர்ந்த ஒலியைப் பிடித்து, அதனுள் 86 ஹெர்ட்ஸ் தாளம் இருக்கிறதா என்று தேடுவதுதான் ஆரம்பநிலைக் கண்டுபிடிப்பு. கூடுதல் விலை இதற்குத்தான்.

ஆகவே ஃபேன், பம்ப் ஆகியவற்றின் சமநிலைக் கோளாறுதான் உங்கள் பதிவேட்டில் அதிகம் என்றால் மலிவானதை வாங்குங்கள். பேரிங்தான் வில்லன் என்றால் கம்ப்ரஸருக்கும் பெரிய ஃபேன்களுக்கும் மட்டுமாவது உயர்ந்ததை வாங்குங்கள். எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே வகை என்பதில் விற்பவருக்கு மட்டுமே வசதி.

புளூடூத், வைஃபை, லோரா, வயர்லெஸ்ஹார்ட் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை எடுப்பது?

முந்தைய பதிலில் சொன்ன 10 கிலோஹெர்ட்ஸ் அதிர்வை முழு அலைவடிவமாக ஒரு வினாடி பதிந்தால், அதிர்வெண்ணைப் போல் 2.56 மடங்கு முறை அளக்கும் வழக்கமான கணக்கில் 25,600 எண்கள் சேரும். எண்ணுக்கு 2 பைட் என்றால் 51,200 பைட். நெடுந்தூரம் எட்டும் ரேடியோ முறையான லோரா, தன் மிக மெதுவான வேகத்தில் ஒரு பொட்டலத்தில் 51 பைட்தான் ஏற்றும். ஒரு வினாடி அதிர்வை அனுப்ப ஆயிரம் பொட்டலங்கள் வேண்டும் என்பதால் அது நடைமுறைக்கு ஒவ்வாது. லோரா சென்சார்கள் பெட்டிக்குள்ளேயே கணக்குப் போட்டு, மொத்த அளவு, உச்ச அளவு, வெப்பம் போன்ற சில எண்களை மட்டும் அனுப்புபவை. தூரம்தான் அதன் பலம்: கிணற்று பம்ப், தொலைவிலுள்ள கூலிங் டவர், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்கு அது மிகவும் பொருத்தமானது.

அலைவடிவம் வேண்டுமென்றால் வைஃபை அல்லது புளூடூத் வகை. முன்னது பேட்டரியை அதிகம் குடிக்கும், பின்னதற்குக் கேட்வேக்களை நெருக்கமாக வைக்க வேண்டும். வயர்லெஸ்ஹார்ட் என்பது தொழிற்சாலைக் கருவிகளுக்காக ஐஇசி 62591 என்ற எண்ணில் வெளியான ரேடியோ தரநிலை. 10 மில்லிவினாடித் துண்டுகளாக நேரத்தைப் பிரித்து, சேனல்களை மாற்றிக்கொண்டே இருப்பதால் நம்பகமானது. சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் அதை விரும்புவதில் நியாயம் உண்டு. நூற்பாலைக்கு அந்த விலை தேவையென்று எனக்குத் தோன்றியதில்லை.

வெளிநாட்டு இணையதளத்தில் பாதி விலைக்கு லோரா சென்சார் கிடைக்கிறது. வாங்கிப் போட்டால் என்ன?

அது எந்த அலைவரிசையில் பேசுகிறது என்று முதலில் பாருங்கள். இந்தியாவில் இத்தகைய கருவிகளுக்கு உரிமம் வேண்டாத பட்டையாக 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை 2005இல் விடப்பட்டது. 2021இல் அது 868 வரை நீட்டப்பட்டது. ஐரோப்பாவுக்கான லோராவின் அடிப்படைச் சேனல்கள் 868.1, 868.3, 868.5, மூன்றும் நம் எல்லைக்குச் சற்று வெளியே நிற்கின்றன. அமெரிக்காவுக்கான 915 மெகாஹெர்ட்ஸ் கருவி முற்றிலும் வெளியே. இந்தியாவுக்கென 865 மெகாஹெர்ட்ஸ் திட்டத்தில் அமைக்கப்பட்டதா, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவிடம் கருவி வகை ஒப்புதல் பெற்றதா என்ற இரண்டையும் சான்றிதழின் நகலோடு எழுத்தில் கேளுங்கள்.

பேட்டரி ஐந்து வருடம் வரும் என்கிறார்கள். நம்பலாமா?

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் ஐந்து வருடம் என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சென்சார் உறங்கும்போது 10 மைக்ரோஆம்பியர் இழுக்கிறது என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 88 மில்லிஆம்பியர்-மணி. விழித்து அளந்து அனுப்ப 10 வினாடிக்கு 50 மில்லிஆம்பியர் இழுத்தால், ஒருமுறைக்கு 0.14 மில்லிஆம்பியர்-மணி. பேட்டரி 2,400 மில்லிஆம்பியர்-மணி கொண்ட ஏஏ அளவு லித்தியம் செல் என்று வைத்துக்கொண்டால், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அளக்கையில் கணக்கு எட்டு ஆண்டுகளைக் காட்டும். மணிக்கு ஒருமுறை என்றால் இரண்டு ஆண்டுக்கும் குறைவு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நான்கு மாதம். கருவி ஒன்றுதான், பேட்டரி ஒன்றுதான்.

சூடான கம்ப்ரஸர் மேல் ஒட்டினாலும், சிக்னல் நலிந்து திரும்பத் திரும்ப அனுப்ப நேர்ந்தாலும் இது இன்னும் குறையும். பேட்டரியை நாமே மாற்றலாமா, பெட்டியையே தூக்கிப்போட வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். பிசினால் மூடி வரும் பெட்டிகளில் பேட்டரி தீர்ந்தால் சென்சாரும் தீர்ந்தது.

ஷெட் முழுக்க இரும்பும் பஞ்சுத் தூசியுமாக இருக்கிறது. சிக்னல் கிடைக்குமா?

பஞ்சுத் தூசியால் ரேடியோவுக்குச் சொல்லத்தக்க இடையூறு இல்லை. அது வெப்பத்தை வெளியேற விடாமல் மூடிக்கொள்வதும், இண்டு இடுக்குகளில் நுழைவதுமே தொல்லை. ஐபி65 (தூசி புகாத தரம்) அல்லது அதற்கு மேற்பட்ட பாதுகாப்புள்ள பெட்டி போதும். இரும்புதான் உண்மையான எதிரி. மூடிய மின் பேனலுக்குள் வைத்த சென்சார் பேசாது. ஆண்டெனாவை வெளியே எடுக்க வேண்டும். ஹியூமிடிஃபிகேஷன் அறையின் சுவரும் இரும்புக் கதவும் சிக்னலைக் கணிசமாக விழுங்கும்.

சோதனையை விடுமுறை நாளில் செய்யாதீர்கள். மெஷின்கள் ஓடிக்கொண்டு, கதவுகள் மூடிக்கொண்டு, தள்ளுவண்டிகள் நடமாடிக்கொண்டு இருக்கும் வேலை நாளில், ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சென்சாரைக் குறைந்தது ஒரு நாள் வைத்து, அனுப்பியதில் எத்தனை வந்துசேர்ந்தது என்று எண்ணச் சொல்லுங்கள். அலுவலக வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது என்றால் யார் எந்தச் சேனல் என்று முன்கூட்டியே பிரித்துக்கொடுங்கள்.

சென்சாரை எங்கே ஒட்டுவது? மோட்டார் மேல் எங்கேயாவது ஒட்டினால் போதுமா?

பேரிங் கூட்டின் மேல், பேரிங்குக்கு இயன்றவரை அருகில். ஒரு மில்லில் பின்பக்க ஃபேன் மூடியின் தகரத்தில் ஒட்டியிருந்தார்கள். மூன்று மாதமாகத் தகரம் அதிர்வதைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள். ஒட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, தட்டையாக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். திருகி இறுக்கிய சென்சார் உயர்ந்த அதிர்வெண்களை நன்றாகக் கேட்கும், எப்பாக்ஸியால் ஒட்டியது அதற்கு அடுத்தது. காந்தம் கழற்றி மாட்ட வசதி. ஆனால் சில கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதன் சொல்லை நம்ப முடியாது. 10 கிலோஹெர்ட்ஸ் சென்சாரை வாங்கிக் காந்தத்தில் மாட்டினால் கூடுதலாகக் கொடுத்த பணம் வீண்.

ராத்திரி முழுவதும் அலாரம் வருகிறது. ஆட்கள் போனையே அணைத்து வைத்துவிட்டார்கள். என்ன செய்வது?

நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கின. முதல் காரணம், மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்று சென்சாருக்குத் தெரியாமலிருப்பது. நூல் நிறைந்த கட்டைகளைக் கழற்றும் டாஃபிங்குக்கு நிற்கும் ரிங் ஃபிரேம் மறுபடி வேகம் எடுக்கும் நேரத்தில் அளந்தால் எண் எகிறத்தான் செய்யும். ஓட்டநிலையைக் காட்டும் மின்னோட்ட சென்சாரோ, மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியின் தகவலோ சேர்ந்திருந்தால், நிலையான வேகத்தில் எடுத்த அளவை மட்டும் கணக்கில் கொள்ளலாம். இரண்டாவது, இன்வெர்ட்டரில் (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) வேகம் மாறும் ஃபேன்களுக்கு ஒரே வரம்பு வைப்பது. மழைநாளில் ஒரு வேகம், வெயில்நாளில் ஒரு வேகம் என்று ஓடும் ஃபேனுக்கு வேகத்துக்கேற்ற வரம்புகள் வேண்டும். மூன்றாவது, ஒரே ஒரு அளவை நம்பி அலாரம் அடிப்பது. அடுத்தடுத்து மூன்று அளவுகள் வரம்பைத் தாண்டினால் மட்டும் அழைக்கும்படி மாற்றுங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, அலாரம் யாருக்குப் போகிறது, அவர் என்ன செய்ய வேண்டும் என்பது தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். முதல் வரம்பைத் தாண்டினால் பகல் ஷிப்ட் மேற்பார்வையாளர் மறுநாள் காலை பார்க்கட்டும். நள்ளிரவில் யாரையும் எழுப்ப வேண்டாம். இறுதி வரம்பைத் தாண்டினால் மட்டும் ஷிப்ட்டில் இருக்கும் எலக்ட்ரீஷியனுக்கு அழைப்பு போகட்டும். மெஷினை நிறுத்தும் அதிகாரமும் அவருக்கு இருக்கட்டும். நிறுத்தியதற்காக உற்பத்திப் பிரிவு ஒருமுறை திட்டிவிட்டால், அடுத்த அலாரத்தை அவர் பார்க்காததுபோல் இருந்துவிடுவார்.

இந்தச் சென்சாரை வைத்தே மெஷினைத் தானாக நிறுத்தும்படி செய்யலாமா?

வேண்டாம். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன உறக்கத்தை நினைத்துப் பாருங்கள்: மணிக்கு ஒருமுறை விழிக்கும் சென்சாருக்கு, இடையில் பிளேடு உடைந்த ஃபேனைப் பற்றி ஒன்றும் தெரியாது. உடனடிப் பாதுகாப்புக்குக் கம்பி வழி இணைந்த அதிர்வு சுவிட்ச், ஓவர்லோடு ரிலே, தெர்மிஸ்டர் ஆகியவை இருக்கின்றன. அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். தீப்பற்றும் ஆவி சூழும் இடங்களில், எடுத்துக்காட்டாகக் கரைப்பான் கிடங்கில், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான பெசோவின் ஒப்புதல் பெற்ற கருவியை மட்டுமே வைக்க வேண்டும்.

வருடச் சந்தா கட்டாவிட்டால் என்ன ஆகும்? டேட்டா யாருக்குச் சொந்தம்?

சர்வரில் அளவுகளைச் சேமித்துக் காட்டுவதற்கு விற்பவர் வாங்கும் கட்டணம்தான் இந்தச் சந்தா. இரண்டுக்கும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே விடை. எழுதாமல் விட்டால் சர்வர் யாரிடம் இருக்கிறதோ அவர் கை ஓங்கும். மூன்று வாசகங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள்: அளவுகள் அனைத்தையும் எப்போது வேண்டுமானாலும் முழுமையாக இறக்கிக்கொள்ளலாம், கேட்வே எம்க்யூடிடி அல்லது மாட்பஸ் (பொதுவான தகவல் பரிமாற்ற முறைகள்) வழியாக எங்கள் கணினிக்கும் நேரடியாகக் கொடுக்கும், சந்தா நின்றாலும் அந்த வழி அடைபடாது. இரண்டாவதுக்கு இழுத்தடிப்பவரிடம் நான் வாங்கச் சொல்வதில்லை. விலையை ஒப்பிடும்போதும் சென்சார் விலையை மட்டும் பார்க்காமல், ஐந்து ஆண்டுச் சந்தா, கேட்வே, பேட்டரி, பொருத்தும் கூலி அனைத்தையும் கூட்டிப் புள்ளிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். சாதனத்தை அடக்க விலைக்குக் கொடுத்துச் சந்தாவில் ஈட்டுபவர்கள் உண்டு.

இதன் வழியாக யாராவது எங்கள் நெட்வொர்க்குக்குள் புகுந்துவிட முடியுமா?

ரேடியோப் பகுதி பெரும்பாலும் ஏஇஎஸ்-128 குறியாக்கத்தில்தான் வருகிறது. ஓட்டை அங்கே அல்ல, கேட்வேயின் மாற்றப்படாத பாஸ்வேர்டில் இருக்கும். பொருத்தும் அன்றே அதை மாற்றி, கேட்வேயை அலுவலகக் கணினிகளும் பிஎல்சிகளும் இல்லாத தனி நெட்வொர்க்கில் வையுங்கள்.

ஆறு மாதமாக ஒரு பழுதையும் காட்டவில்லை. மெஷின்கள் நன்றாக இருக்கின்றனவா, சென்சார் சரியில்லையா, எப்படித் தெரிந்துகொள்வது?

சும்மா இருக்கும் சென்சாரும் கெட்டுப்போன சென்சாரும் திரையில் ஒன்றுபோலவே பச்சையாகத் தெரியும். அதனால் முதல் தவணைப் பட்டியலில், ஓவர்ஹாலுக்கு ஏற்கெனவே நாள் குறித்த இரண்டு மூன்று மெஷின்களையும், ஃபிட்டர் சந்தேகப்படும் ஒரு மெஷினையும் வேண்டுமென்றே சேர்க்கச் சொல்வேன். ஓவர்ஹாலுக்கு ஒரு வாரம் முன்பும் பின்பும் எடுத்த அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதுப் பேரிங் போட்ட பிறகும் கோடு அசையவில்லை என்றால், பழைய பேரிங் நன்றாகவே இருந்ததா, சென்சார் காது கேளாததா என்று பார்த்தாக வேண்டும்.

அதற்கு ஒரே வழி, கழற்றிய பேரிங்கைப் பழைய இரும்புக்குப் போடாமல், வெளிவளையத்தை அறுத்துத் திறந்து ஓடுதளத்தைப் பார்ப்பது. செதில் பெயர்ந்திருந்து சென்சார் பேசாமலிருந்தால், ஒட்டிய இடத்தையும் முறையையும் மேலே சொன்னபடி சரிபார்த்துவிட்டு விற்றவரைக் கூப்பிடுங்கள். ஓடுதளம் கண்ணாடிபோல் இருந்தால் ஓவர்ஹால் தேதியை அவசரமாகக் குறித்திருக்கிறீர்கள். இரண்டில் எதுவானாலும் மெஷின் எண்ணையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி அந்தப் பேரிங்கோடு கட்டி, பராமரிப்பு அறையில் அடுத்த ஓவர்ஹால் வரை வைத்திருங்கள்.